மூக்கின் சாட்சி மட்டும் போதுமா?

மோட்டார் சைக்கிளில் எஞ்சின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோய், "பெட்ரோல் இறங்கியிருக்கிறது, ரிங் போய்விட்டது" என்று ஒருவர் தீர்ப்புக் கூறுவதை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். அந்தத் தீர்ப்பு சில சமயம் சரியாக இருக்கும், பல சமயம் தவறாகப் போகும். ஆனால் அது எட்டப்பட்ட முறை எப்போதுமே தவறானது. அதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண்தடங்களிலும் மேடுபள்ளங்களிலும் ஓட்டுவதற்கென்றே செய்யப்படும் மோட்டார் சைக்கிள்களை டர்ட் பைக் என்கிறார்கள். இவற்றுள் நான்கு ஸ்ட்ரோக் பந்தய வண்டிகள் நெடுங்காலம் கார்புரேட்டருடனேயே வந்தன. சுசுகியின் ஆர்எம்-இசட்450 2008 மாடலிலும், ஹோண்டாவின் சிஆர்எஃப்450ஆர் 2009 மாடலிலும், யமஹாவின் ஒய்இசட்450எஃப் 2010 மாடலிலும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு மாறின. நம் நாட்டில் 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், தெருவில் ஓடும் புதிய வண்டிகளிலும் இதுவே பெருவழக்காகிவிட்டது. ஆகவே பந்தய வண்டியைப் பற்றிய இந்தக் கேள்வி உங்கள் வீட்டு வண்டிக்கும் பொருந்தும்.

என் பழைய மாணவர் ஒருவர் மண்தடப் பந்தயங்களில் ஓட்டுபவர். அவருடைய இன்ஜெக்டர் வண்டியின் எண்ணெயில் பெட்ரோல் வாடை அடித்தது. ஒரு பட்டறையில் சிலிண்டரைப் பிரித்து ரிங் மாற்றினார்கள். மூன்று மாதச் சேமிப்பு அதில் போயிற்று. இரண்டே வாரத்தில் வாடை திரும்ப வந்தது. "சார், இதில் இயற்பியல் ஏதாவது உண்டா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். அதில் இயற்பியலைத் தவிர வேறொன்றும் இல்லை என்றே சொல்வேன்.

அட்டவணையின் குறை

பழுது பார்ப்போருக்கான பல வழிகாட்டிகளில் கோளாறு, காரணம், தீர்வு என மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை இருக்கும். எண்ணெயில் பெட்ரோல் கலந்தால், ரிங் தேய்மானம், இன்ஜெக்டர் கசிவு, அடர்ந்த கலவை, உணரி பழுது என்று காரணங்கள் அதில் வரிசையாக வரும். இவற்றுள் எதுவும் பொய்யில்லை. ஆனால் நான்கு காரணங்களுள் நம் வண்டிக்குரியது எது என்று பிரித்தறியும் சோதனை அதில் இருப்பதில்லை. எனவே படிப்பவர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு பாகமாக மாற்றத் தொடங்குகிறார். காரணங்களை அடுக்குவது பட்டியல்தான். அவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுப்பதே நோயறிதல் ஆகும்.

தயாரிப்பாளர்களின் முழு அளவிலான சர்வீஸ் கையேடுகளைப் பற்றி இக்குறையைச் சொல்வது நியாயமன்று. அவற்றில் எரிபொருள் அழுத்தமும் உணரியின் மின்தடையும் எண்களாகவே தரப்படுகின்றன. அவற்றைச் சுருக்கும்போது எண்கள் உதிர்ந்து, பெயர்கள் மட்டும் மிஞ்சிவிடுகின்றன.

இன்னொரு குறையும் உண்டு. கார்புரேட்டர் காலத்து அறிவுரை அப்படியே இன்ஜெக்டர் வண்டிக்கும் சொல்லப்படுகிறது. கார்புரேட்டரில் மிதவை ஊசி சிக்கிக்கொண்டு, பெட்ரோல் குழாயும் திறந்திருந்தால், தொட்டியிலுள்ள பெட்ரோல் தன் எடையாலேயே இரவெல்லாம் வழிந்து எஞ்சினுக்குள் இறங்கிவிடும். இன்ஜெக்டர் வண்டியில் பெட்ரோலைத் தள்ளுவது பம்பு. அது தரும் அழுத்தம் பொதுவாக 300 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். 30 செ.மீ. உயரப் பெட்ரோல் தரும் அழுத்தமோ 2 கிலோபாஸ்கலுக்குச் சற்றே கூடுதல். பம்பு நின்று, குழாயில் எஞ்சிய அழுத்தமும் இறங்கியபின் மிகச் சிறிய அழுத்தமே பெட்ரோலைத் தள்ளுகிறது. ஆகவே "இரவில் இறங்கியிருக்கும்" என்ற பழைய விடையைச் சோதிக்காமல் ஏற்கக்கூடாது.

மூக்கு சொல்வது எவ்வளவு?

மூக்கு மிக நுட்பமான கருவி. பெட்ரோல் ஆவி மிகக் குறைந்த அளவில் இருந்தாலும் அது கண்டுகொள்ளும். அதன் குறையும் அதுவே. ஓடும் எஞ்சினில் எரியாத பெட்ரோலில் சிறிதளவு ரிங் வழியாகக் கீழே வருவது இயல்பு. எனவே பயன்படுத்திய எண்ணெய் எதிலும் சிறிது வாடை இருக்கத்தான் செய்யும். மூக்கு "இருக்கிறது" என்று சொல்லும்; எவ்வளவு என்று சொல்லாது.

ஆனால் எஞ்சினின் ஆயுள் "எவ்வளவு" என்பதில்தான் இருக்கிறது. 40 தர எண்ணெயின் பாகுநிலை 100 டிகிரி செல்சியசில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை இருக்க வேண்டும். 14 சென்டிஸ்டோக் உள்ள எண்ணெயில் நூற்றுக்கு ஐந்து பங்கு பெட்ரோல் கலந்தால் அது ஏறத்தாழ 10-க்கு இறங்கிவிடும். அதாவது 40 தர எண்ணெய் 30 தர எண்ணெயாகிவிடுகிறது. நிமிடத்துக்கு 10,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும் எஞ்சினில் உலோகத்தையும் உலோகத்தையும் பிரித்து வைப்பது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலமே. அது மெலிந்தால் தாங்கிகள் தேயும்; மிஞ்சினால் எஞ்சின் இறுகும். தாவிக்கொண்டிருக்கும் வண்டியின் பின்சக்கரம் திடீரென நின்றால் ஓட்டுபவரின் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பந்தய வண்டிகள் பலவற்றில் எண்ணெய் மொத்தமே சுமார் ஒரு லிட்டர்தான். ஐந்து பங்கு என்றால் 50 மில்லிலிட்டர், அதாவது அரைத் தம்ளர்கூட இல்லை. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது அளவையும் சொல்லாது. ஆபத்தை மட்டும் தரும். ஒருபோதும் செய்யாதீர்கள்.

மட்டம் உயர்ந்தால் குற்றம் உறுதியா?

எண்ணெய் மட்டம் உயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது மூக்கைவிட நல்ல சோதனை. ஆனால் இங்கும் ஒரு பொறி இருக்கிறது. எண்ணெயின் பரும விரிவுக் குணகம் டிகிரிக்குச் சுமார் 0.0007. ஒரு லிட்டர் எண்ணெய் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேறினால் எவ்வளவு விரியும்? 1000 × 0.0007 × 70 = 49 மில்லிலிட்டர். நாம் அஞ்சும் அந்த ஐந்து பங்கு பெட்ரோலின் பருமமும் ஏறத்தாழ இதுவே! காலையில் குளிர்ந்த நிலையில் ஒரு முறையும், மாலையில் ஓட்டி வந்த சூட்டில் ஒரு முறையும் பார்ப்பவர், ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட இறங்காமலேயே "இறங்கியிருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுவார்.

வண்டி சாய்ந்திருந்தாலும் மட்டம் மாறும். எஞ்சினை நிறுத்தியவுடன் மேற்பாகங்களில் ஒட்டியுள்ள எண்ணெய் மெல்லமெல்லவே கீழே வடிகிறது; அதனாலும் மட்டம் மாறும். ஆகவே ஒரே தரை, ஒரே நிமிர்ந்த நிலை, ஒரே வெப்பநிலை, நிறுத்தியபின் ஒரே கால அளவு என்ற நான்கையும் காப்பாற்றினால்தான் இரண்டு அளவீடுகளை ஒப்பிடலாம். எண்ணெய் அளவு சரியா என்று அறியக் கையேடு சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள். பெட்ரோல் இறங்குகிறதா என்று அறிய, தினமும் காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மட்டம் உயராவிட்டால் பெட்ரோல் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எஞ்சின் 50 மில்லிலிட்டர் எண்ணெயை எரித்துவிட்டு, 50 மில்லிலிட்டர் பெட்ரோலை வாங்கிக்கொண்டால் மட்டம் மாறாது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் கலந்தது நீர் என்று சந்தேகிக்க வேண்டும்.

எண்ணெய் நீர்த்துப்போக இரு காரணங்கள்

"விரலில் தொட்டுப் பார்த்தேன், தண்ணீராக இருக்கிறது" என்பது அடுத்த சாட்சி. வீட்டிலேயே இதைச் சற்றுச் செம்மையாகச் செய்யலாம். அதே வகைப் புதிய எண்ணெயையும் பழைய எண்ணெயையும் இரண்டு குப்பிகளில் எடுத்து, ஒரே வாளி நீரில் அரைமணி நேரம் நிறுத்தி வெப்பநிலையைச் சமமாக்குங்கள். பிறகு ஒரே சிறு துளையுள்ள புனல் வழியாக, ஒரே அளவு எண்ணெய் வடியும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். நேரம் குறைந்தால் பாகுநிலை குறைந்திருக்கிறது என்று பொருள்.

ஆனால் குற்றவாளி பெட்ரோல்தானா? 10டபிள்யூ-40 போன்ற பலதர எண்ணெய்களில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் சேர்க்கப்படுகின்றன. சூட்டில் எண்ணெய் மிகவும் நீர்த்துவிடாமல் அவை காக்கின்றன. மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் கியர்ப்பெட்டியும் அதே எண்ணெயில்தான் ஓடுகிறது. கியர்ப் பற்களிடையே நசுங்கி அச்சங்கிலிகள் அறுபடும். அப்போது பெட்ரோல் இல்லாமலேயே எண்ணெய் நீர்த்துவிடும்.

இவ்விரண்டையும் பிரித்தறியும் வழி என்ன? சங்கிலி அறுந்தால் பாகுநிலை குறையும், மட்டம் உயராது. பெட்ரோல் கலந்தால் பாகுநிலை குறைந்து மட்டமும் உயரும். தனித்தனியே ஐயத்துக்கிடமான இரு சாட்சிகள் சேர்ந்து நிற்கும்போது வலுப்பெறுகின்றன. நூற்றுக்கு இத்தனை பங்கு என்று துல்லியமாக அறிய வேண்டுமானால், வாயு நிறவரைவு முறையில் பெட்ரோலைப் பிரித்து அளக்கும் எண்ணெய்ச் சோதனைக்கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

எப்போது கூடுகிறது?

பெட்ரோல் இறங்குவது உறுதியானபின், "எந்தப் பாகம்?" என்று கேட்குமுன் "எப்போது?" என்று கேளுங்கள். முதலில் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிவிட்டு, நீர்த்த எண்ணெயில் வண்டியை ஓட்டாமல், புதிய எண்ணெயில் தொடங்குங்கள். மூன்று நிலைகள் உண்டு.

முதலாவது, வண்டி நிற்கும்போது. முழுதும் ஆறியபின் இரவில் ஒருமுறையும், சாவியைத் தொடாமல் காலையில் ஒருமுறையும் பாருங்கள். உயர்ந்திருந்தால் இன்ஜெக்டரின் மூடல் சரியில்லை எனச் சந்தேகிக்கலாம். பம்பு நின்றபின் அழுத்தமானியின் முள் எவ்வளவு விரைவில் இறங்குகிறது என்பதைப் பட்டறையில் பார்த்து உறுதிசெய்யலாம்.

இரண்டாவது, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிச் சிறிது தூரம் மட்டுமே ஓட்டும்போது. குளிரில் பெட்ரோல் நன்றாக ஆவியாகாது. எனவே கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டுமென்றே கூடுதலாகப் பீய்ச்சுகிறது. ஒரு பகுதி சிலிண்டர்ச் சுவரில் படிந்து கீழே வரும். பெட்ரோல் சுமார் 35 முதல் 200 டிகிரி வரையிலான எல்லையில் கொதிப்பது. எண்ணெய் நன்கு சூடாகும்வரை நெடுநேரம் ஓட்டினால் அதில் பெரும்பங்கு ஆவியாகி, மூச்சுக்குழாய் வழியே வெளியேறிவிடும். குறுகிய ஓட்டத்தில் மட்டம் ஏறி, நீண்ட ஓட்டத்துக்குப்பின் இறங்கினால், அது பெரும்பாலும் பழுதன்று. ஓட்டும் பழக்கத்தின் விளைவே. அதற்கு மருந்து உதிரிபாகம் அல்ல. முழுச்சூடு ஏறும் ஓட்டமும், எண்ணெயைச் சற்று முன்னதாகவே மாற்றுவதுமே.

மூன்றாவது, எஞ்சின் நன்றாகச் சூடேறி நெடுநேரம் ஓடிய பின்னும் மட்டம் கூடுவது. அப்போதுதான் சூட்டிலும் பெட்ரோல் மிகையாகப் பாய்கிறதா, ரிங் மிகையாக விடுகிறதா என்ற கேள்வி எழுகிறது. சிலிண்டர் அழுத்தச் சோதனை ரிங்கின் நிலையைப் பிரிக்காமலேயே சொல்லும்.

900 ஓம் செய்த வேலை

என் மாணவரின் வண்டி மூன்றாம் வகையைச் சேர்ந்தது. இரவில் மட்டம் அசையவில்லை. ஒரு மணி நேரச் சூடான ஓட்டத்துக்குப்பின் மறுநாள் காலை உயர்ந்திருந்தது. ரிங் புதியது, சிலிண்டர் அழுத்தமும் நன்றாகவே இருந்தது. ஆகவே பெட்ரோல் மிகையாகப் பாய்கிறது என்று கொண்டோம்.

எஞ்சின் எவ்வளவு சூடு என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்வது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பரவலான ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 40 டிகிரியில் சுமார் 1,200 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். சூடான நிலையில் உணரியின் முனைகளில் அளந்தோம். ஏறத்தாழ 300 ஓம் இருந்தது. அட்டவணைப்படி உணரி நன்று. பிறகு இணைப்பைப் பூட்டி, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்லும் கம்பியின் மறுமுனையில் அளந்தோம். அங்கே 1,200 ஓம்!

நடுவில் இருந்த இணைப்பானில், வண்டியைப் பீய்ச்சு நீரால் கழுவிக் கழுவி, பச்சைக் களிம்பு படிந்திருந்தது. அது சேர்த்த தடை 900 ஓம். எஞ்சின் 80 டிகிரியில் இருக்க, பெட்டி 40 டிகிரி என்றே நம்பிக் கூடுதலாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. 40 டிகிரி என்பது நடக்கக்கூடிய வெப்பநிலைதானே? ஆகவே பழுது விளக்கும் எரியவில்லை. விளக்கு எரியாததால் பழுதில்லை என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. களிம்பைத் துடைத்து இணைப்பைச் சீராக்கியதும், மட்டம் உயர்வது நின்றது.

ரிங் பெட்ரோல் இறங்கிய வழியாக இருந்திருக்கலாம். இறங்கக் காரணம் வேறு. வழியைச் செப்பனிட்டவர்கள் காரணத்தைத் தேடவில்லை. அவர்கள் திறமையற்றவர்கள் என்று சொல்ல மாட்டேன். சிலிண்டரைப் பிரித்துச் சேர்த்த வேலை மிக நேர்த்தியாகவே இருந்தது. அவர்கள் கையிலிருந்த அட்டவணைதான் அவர்களைக் கைவிட்டது.

அந்த அட்டவணையைத் திருத்தி எழுதுவது கடினமன்று. கோளாறு என்ற பத்திக்கும் காரணம் என்ற பத்திக்கும் இடையே, "எவ்வளவு? எப்போது? எந்த நிலையில் அளந்தது?" என்ற மூன்று கேள்விகளைச் சேர்த்தால் போதும். மாணவ நண்பர்களே, பயன்பட்ட எண்ணெயைக் கையாளும்போது தீயை விலக்குங்கள், கையுறை அணியுங்கள், எண்ணெயை மண்ணில் கொட்டாமல் சேகரிப்பவரிடம் கொடுங்கள். உங்கள் வண்டிக்கென ஒரு சிறு குறிப்பேடு தொடங்கி, காலை மட்டத்தை ஒரு மாதம் எழுதி வாருங்கள். மூக்கு சந்தேகத்தைக் கிளப்பட்டும். அது அதன் உரிமை. தீர்ப்பை மட்டும் குறிப்பேட்டிலுள்ள எண்களிடம் விட்டுவிடுங்கள்.