பழம்புடவைப் போர்வையின் வரவும் செலவும்

சம்பா அறுவடை முடிந்து, அந்த ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்ததும், குத்தாலம் பக்கத்து வீடுகளில் தையல் மெஷின்மேல் போட்டிருக்கும் துணி விலகும். மேட்டூர் திறக்க வழக்கமாகக் குறித்திருக்கும் நாள் ஜூன் 12. அதுவரை காவிரியில் மணல்தான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, கத்திரி வெயிலில் மதியத்துக்குமேல் தெருவில் தலைகாட்ட முடியாது. இந்த இடைவெளியில் ஒயர் கூடை முடைகிறார்கள், தலையணை உறையில் பூவேலை செய்கிறார்கள், ஆரி ஒர்க் வகுப்புக்குப் போகிறார்கள். கூடவே, அதிகம் பேச்சில் அடிபடாத ஒரு வேலையும் நடக்கிறது. பழைய புடவைகளை அடுக்கிப் போர்வையாகவும் விரிப்பாகவும் தைப்பதுதான் அது.

இதைப் பற்றிப் பேசுபவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சி, ஒரு துண்டும் வீணாகாமல் பார்த்துக்கொள்ளும் குடும்பப் பாங்கு என்று கொண்டாடுகிறது. மறு கட்சி, கடையில் மலிவாகப் போர்வை கிடைக்கும்போது எதற்கு இந்தக் கண்ணைக் கெடுக்கும் வேலை என்று கேட்கிறது. எந்தத் துணியில் தைக்கிறோம் என்ற கேள்வியை இரு கட்சியும் கேட்பதில்லை. பழம்புடவைப் போர்வையின் நுட்பமெல்லாம் பருத்திப் புடவையை ஒட்டி வளர்ந்தது. இன்று பீரோவில் பருத்தி குறைந்துவிட்டது. சிக்கனம் என்ற பெயரை வைத்துக்கொண்டு, துணியைப் பற்றிய அறிவை நழுவவிட்டோம் என்பதே என் குறை.

முதலில் நிறைகளைச் சொல்லிவிட வேண்டும். ஆறு கஜப் புடவை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளம், 1.15 மீட்டர் அகலம். நீளவாக்கில் மூன்றாக மடித்தால் 1.8 மீட்டருக்கு 1.15 மீட்டர், மூன்றடுக்கு. ஓர் ஆள் படுக்கவும் போர்த்தவும் கச்சிதமான அளவு. கத்தரிக்கு அனேகமாக வேலையே இல்லை. மேலே கரை போட்ட பாகம் வரும்படி திருப்பிவிட்டால், போர்வையின் இரண்டு நீள ஓரங்களையும் கரையே காக்கும். பருத்திப் புடவையில் உடலைவிடக் கரையில்தான் இழை நெருக்கம். கை பட்டு இழுபடும் இடமும் ஓரம்தான். அதிகம் தேயும் இடத்தில் அதிகம் உழைக்கும் துணியை வைக்கும் இந்த ஏற்பாட்டை எந்தத் தையல் வகுப்பும் சொல்லித் தந்ததில்லை. வேண்டியதெல்லாம் ஓட்டுத் தையல் ஒன்றுதான். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு வந்தால் அடுக்குகள் நகராது. அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்று மார்கழிப் பனிக்குப் போதும். உள்ளே பஞ்சு இல்லாததால் துவைத்த அன்றே காய்ந்துவிடும்.

பருவத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் கணக்கு இருக்கிறது. போர்வை தேவைப்படுவது மார்கழியில், தைப்பது சித்திரையில். ஏனென்றால் கஞ்சி போட்டுக் கட்டிய புடவையைத் தைக்கும் முன் நன்றாக ஊறவைத்து, கஞ்சியை முழுக்க எடுத்து, சருகாகக் காயவைக்க வேண்டும். கஞ்சி மிச்சம் இருந்தால் பெட்டிக்குள் பூச்சி தேடி வரும். ஈரம் மிச்சம் இருந்தால் ஐப்பசி அடைமழையில் பூஞ்சணம் பிடிக்கும். டெல்டாவில் இந்த இரண்டையும் நம்பிச் செய்ய ஏற்ற வெயில் கோடையில்தான். பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல் பழைய துணியில் கிடத்துகிற வழக்கமும் இதே அறிவைச் சேர்ந்தது. நூறு முறை துவைத்த பருத்தி மெத்தென்றிருக்கும். விடவேண்டிய சாயத்தை முன்பே விட்டிருக்கும்.

இனிக் குறைகள். முதற்குறை துணி. இன்று தைக்க எடுக்கும் புடவைகளில் பெரும்பகுதி பாலியஸ்டர், அல்லது பாலியஸ்டர் கலந்தது. பருத்தி இழை சாதாரணக் காற்றிலிருந்து தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை வாங்கிக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான் வாங்கும். வியர்வை வடியும் ஊரில் இந்த வித்தியாசத்தை முதுகு சொல்லும். பருத்தியையும் பாலியஸ்டரையும் ஒரே போர்வையில் அடுக்கினால் வேறொரு வம்பு. அதிகம் துவைபடாத பருத்தி துவைக்கத் துவைக்கச் சுருங்கும், மற்றது அசையாது. இரண்டாம் துவைப்பிலேயே மேல்பக்கம் அலையலையாகப் புடைத்துக்கொள்ளும். தைத்தவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

கொலுவுக்குப் போன வீட்டில் தாம்பூலத்தோடு வைத்துக்கொடுத்த பிளவுஸ் பிட்டுகள் இதற்கு நல்ல உதாரணம். யாரும் தைப்பதில்லை, அடுத்த நவராத்திரியில் வேறு வீட்டுக்குப் போகின்றன. கடைசியில் எங்கோ ஒரு பீரோவில் தேங்கும் கட்டை எடுத்து ஒட்டுப்போர்வை தைப்பது இப்போது பரவிவருகிறது. யோசனை நல்லதுதான். ஆனால் அந்தக் கட்டில் எது பருத்தி, எது கலப்பு என்று கண்ணால் சொல்வது கஷ்டம். ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, விளக்குத் திரியில் காட்ட வேண்டும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து பொடிச்சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் தீ படும் முன்பே சுருண்டு, உருகி, கறுத்த மணியாக இறுகும். ஆறியபின் விரலால் நசுக்கினாலும் உடையாது. கலப்புத் துணி கொஞ்சம் எரிந்து கொஞ்சம் இறுகும். ஒரு பிட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆரி ஊசியைப் பிடிக்கச் சொல்லித்தரும் வகுப்புகள் இதையும் முதல் நாளே சொல்லித்தந்தால் என்ன?

இரண்டாவது குறை வெட்டு. யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்பவர்கள் அமெரிக்க மாதிரியில் சின்னச் சதுரங்களாக வெட்டி இணைக்கிறார்கள். நாலரை அங்குலச் சதுரம் வெட்டினால் தைத்தபின் நாலு அங்குலம்தான் நிற்கும். அதாவது ஐந்தில் ஒரு பங்குத் துணி மடிப்புக்குள் மறைந்துவிடும். துணியை மிச்சம் பிடிக்கும் கலை என்று சொல்லிக்கொண்டு இருபது சதவீதத்தைத் தொலைப்பது விநோதமான சிக்கனம். நைந்த புடவையில் ஒவ்வொரு இணைப்பும் கிழிவதற்கான வாசலும்கூட. அந்த மாதிரிகள் பெரும்பாலும் உரமான துணிக்கும், நடுவில் பஞ்சுத் தகடு வைக்கும் குளிர்நாட்டுக்கும் அமைந்தவை. பாலிஃபில் என்ற செயற்கைப் பஞ்சை வைத்து இங்கே தைத்தால் வைகாசியில் போர்த்த முடியாது, மழைக்காலத்தில் காயவைக்க முடியாது.

அழகுக்கு வேறு நாட்டு மாதிரியைத் தேடித்தான் போக வேண்டுமா என்பதும் யோசிக்கத் தக்கது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேருக்குத் தொம்பை தைப்பவர்களின் வேலையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். உருளையாகத் தொங்கும் அந்தச் சீலையில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் வெள்ளையும் தனித்தனித் துண்டாக ஒட்டுத் தையலில் ஏறியிருக்கும். வடக்கு வீதி முனையில் நிற்பவருக்கும் தேர் வருவது தெரிய வேண்டும் என்பதால் உருவங்கள் பெரியவை, நிறங்கள் சில. கும்பகோணம் வட்டாரத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் தொம்பையைக் கலம்காரியாகவும் எழுதுகிறார்கள். இந்த மரபைச் சேர்ந்த கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டின் கட்டம்போட்ட கூறைப்புடவையில் அளவும் இடைவெளியும் கற்றுக்கொள்ளலாம். இவ்வளவும் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்க, செல்போன் திரையில் பார்த்த நட்சத்திரக் கட்டத்தை நகலெடுப்பது கண்ணுக்குச் செய்யும் வஞ்சனை. கூறைப்புடவையைப் பார்த்துக் கற்றால் போதும், வெட்ட வேண்டாம். ஜரிகை உடம்பில் குத்தும். பட்டுக் கலப்பு பழசானால் மடிப்பிலேயே விரியும். அடிக்கடி துவைக்கும் பொருளுக்கு அது ஆகாது.

மூன்றாவது குறை கூலி. மேலே சொன்ன ஒரே புடவைப் போர்வையையே எடுத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு ஒரு வரி என்று ஓட்டினால் 45 வரி. ஒவ்வொன்றும் 72 அங்குலம். மொத்தம் ஏறத்தாழ 82 மீட்டர் தையல். அங்குலத்துக்கு ஐந்து தையல் என்றால் பதினாறாயிரத்துக்குமேல் முறை ஊசி ஏறி இறங்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு நொடி வைத்தாலும் ஒன்பது மணி நேரம். ஃபால்ஸ் பிரிப்பது, ஊறவைப்பது, ஓரம் மடிப்பது எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு மணிக்குக் குறையாது. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். ஒன்றரை நாள் என்று போட்டால்கூட 504 ரூபாய். கரூரிலும் சென்னிமலையிலும் தறியில் இறங்கும் போர்வையோடு இது விலையில் போட்டி போடவே முடியாது. தையல் மெஷினில் ஓட்டினால் நேரம் குறையும். ஆனால் மூன்றடுக்குக்கு 16ஆம் நம்பர் ஊசி வேண்டும். மேல்துணி முன்னால் தள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க முதலில் கையால் ஓட்டிவைக்கவும் வேண்டும்.

இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. “அக்கா, சும்மாதானே இருக்கீங்க, பேரனுக்கு ஒண்ணு தச்சுக் குடுங்களேன்” என்று எதிர்வீட்டில் கேட்பார்கள். அதே அக்கா வைகாசி முகூர்த்தத்துக்கு ஆரி வேலை செய்யும் ரவிக்கைக்குக் கறாராக விலை சொல்வார், கேட்பவரும் கொடுப்பார். தொம்பை தைப்பவர் கோயிலிடம் கூலி பேசுவார். வீட்டுப் போர்வை மட்டும் ‘சும்மா இருக்கும் நேரம்’ என்ற கணக்கில் போகிறது. கோடை எல்லாப் பெண்களுக்கும் ஓய்வுக் காலமும் இல்லை. பம்ப்செட் இருக்கும் இடங்களில் குறுவை நாற்றங்கால் முன்கூட்டியே தொடங்கிவிடும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இந்தத் தையல் விளக்கு வைத்தபின் நடக்கிறது.

கலை என்று பெயர் வந்துவிட்டால் கூலியும் வந்துவிடும் என்று நம்புவதற்கும் இல்லை. அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள் நைந்துபோன வேலைத் துணிகளில் தைத்த போர்வைகளை 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கின் விட்னியிலும் அருங்காட்சியகச் சுவரில் மாட்டினார்கள். பாராட்டு குவிந்தது. 2007இல் தங்களுக்குச் சேர வேண்டிய பணம் சேரவில்லை என்று அவர்களில் சிலர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் பீகாரின் சுஜனிக்கும் வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்கும் புவிசார் குறியீடு உண்டு. இரண்டுமே பழைய துணியை அடுக்கி ஓட்டுத் தையல் போடும் வேலைதான். அங்கும் சந்தைக்குப் போகும் சரக்கில் பெரும்பகுதி புதுத்துணியில் தைக்கப்படுகிறது. விற்பனைக்கு ஒரே அளவு, ஒரே நிறம் வேண்டும். பழம்புடவை அப்படி வராது.

ஆகவே இதை உடனே சுயதொழிலாக்கிவிட வேண்டும் என்ற ஆர்வத்துக்கு நான் கட்சி இல்லை. இந்தப் போர்வையின் பலம் வீட்டுக்குள் இருக்கிறது: குழந்தை, வயசானவர், மார்கழி விடியல். யாருக்கு என்று தெரிந்து, அவர் உடம்புக்கும் துவைக்கிறவர் கைக்கும் ஏற்ற எடையில் தைக்க முடியும் என்பது தறிப் போர்வைக்கு இல்லாத வசதி. வெளியாருக்குத் தைத்தால் ஆரி ரவிக்கைபோலவே மணிக்கணக்கில் விலை சொல்ல வேண்டும். அந்த விலைக்கு வாங்குபவர் சிலரே என்றால், சிலருக்கு மட்டும் தைத்தால் போதும்.

துணி விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். திரியில் காட்டிப் பார்த்துப் பருத்தி என்று தெரிந்ததை மட்டும் அடுக்குங்கள். புடவை முழுசாக இருந்தால் முழுசாகவே தையுங்கள். கிழிசல் இருக்கும்போது மட்டும் வெட்டுங்கள். பாலியஸ்டரைப் பைக்கும் மெஷின் உறைக்கும் ஒதுக்குங்கள். எதற்கும் ஆகாத துணியைப் போர்வையாக்குவதால் குப்பை குறைந்துவிடாது. பன்னிரண்டு மணி நேர உழைப்பைச் சுமந்துகொண்டு பரணில் கிடக்கும். அவ்வளவு பாடுபட்டதாயிற்றே என்று தூக்கிப்போடவும் மனசு வராது. ‘இதில் தைக்க வேண்டாம்’ என்று ஒரு புடவையைத் தள்ளிவைக்கத் தெரிவதும் தையல் தெரிவதில் அடக்கம்.