விலாசம் இல்லாத மட்டி

உப்புக்காற்று எட்டுகிற தூரத்தில் இருக்கும் ஒரு சென்னை ஐந்து நட்சத்திர ஹோட்டலில் உட்கார்ந்து, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து விமானம் ஏறி வந்த மீனைச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். இத்தாலியக் கடலுணவு ரெஸ்டாரன்ட். பெயர் வேண்டாம். சொல்லப்போகும் விஷயம் ஒரு ஹோட்டலோடு முடிவதில்லை.

அழைத்துப்போனது அக்கா பையன். ப்ரமோஷன் ட்ரீட். “மாமா, மெனுல இடது பக்கம் மட்டும் படிங்க. வலது பக்கம் என் பொறுப்பு” என்றான். விலைப்பட்டியலைப் பார்க்காமல் சாப்பிடுகிற வயசெல்லாம் எனக்கும் என் மனைவிக்கும் தாண்டிவிட்டது. பார்த்தோம். பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தண்ணீர் குடித்தோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரோஸ்மேரி தூவிய ஃபொக்காச்சா ரொட்டி சூடாக வந்தது. கூட வைத்த ஆலிவ் எண்ணெய் தொண்டையில் லேசாகக் காறியது. நல்ல எண்ணெய் அப்படித்தான் காறும். உருளைக்கிழங்கோடு சுட்டு வந்த ஆக்டோபஸ், அதாவது நம் பேய்க்கணவாய், ரப்பராக இல்லாமல் பல்லுக்கு இதமாக இருந்தது. இதைச் சரியாக வேகவைக்கப் பொறுமை வேண்டும். உள்ளே ஒரு பொறுமைசாலி இருக்கிறார்.

அடுத்து வந்தது ஸ்பகெட்டி அல்லே வொங்கோலே. பெயரைக் கேட்டு பயப்படாதீர்கள். பூண்டு, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் வெள்ளை ஒயின், பார்ஸ்லி, மட்டி. அவ்வளவுதான். சூட்டில் மட்டி வாயைத் திறக்கும்போது விடுகிற உப்புநீர்தான் சாஸ். நூடுல்ஸ் குழையாமல், நடுவில் நறுக்கென்று ஒரு பிடிவாதத்தோடு இருந்தது. இரவின் சிறந்த பண்டம் இதுதான்.

அதைக் கெடுக்க ஒருவர் சீஸ் துருவியோடு வந்து, நான் கையைத் தூக்குவதற்குள் மனைவியின் தட்டில் துருவிவிட்டார். இத்தாலியில் மீனுக்கும் சீஸுக்கும் பொதுவாக ஆகாது. மட்டி ஸ்பகெட்டிக்குச் சீஸ் கேட்டால், ரசத்துக்குக் கெட்ச்சப் கேட்டவனைப் போலப் பார்ப்பார்கள்.

பரிமாறிய பையனிடம் கேட்டேன். “மட்டி எங்கேர்ந்து வருது தம்பி?”

அதுவரை இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று தமிழுக்கு வந்தார். குரலும் இறங்கியது. “பழவேற்காடு சார். லோக்கல்தான்...” கொஞ்சம் தயங்கி, “நல்லா கழுவிட்டுத்தான் சார் செய்வாங்க” என்றார்.

அந்தக் குரல் என்னை என்னவோ செய்தது. மன்னிப்புக் கேட்கிற குரல் அது. மெனுவை மறுபடி வாங்கிப் பார்த்தேன். சால்மனுக்கு நார்வே என்று ஊர் போட்டிருந்தது. ஸீபாஸுக்குச் சிலி. ஆஞ்சோவிக்கு சிசிலி. இரவின் சிறந்த பண்டத்தைக் கொடுத்த பழவேற்காட்டு மட்டிக்கு மட்டும் விலாசமே இல்லை.

அந்தச் சிலி ஸீபாஸ் உண்மையில் ஸீபாஸே இல்லை. அதன் பெயர் படகோனியன் டூத்ஃபிஷ். ‘பல் மீன்’ என்றால் யார் வாங்குவார்கள்? 1977-ல் ஓர் அமெரிக்க மீன் வியாபாரி ‘சிலியன் ஸீபாஸ்’ என்று பெயர் வைத்தார். அதற்கப்புறம் விலை ஏறியதுதான், இறங்கவே இல்லை. ஆஞ்சோவி என்பது நம் நெத்திலி வகையறா. எண்ணெயில் ஊறி, பாட்டிலில் அடைபட்டு வந்தால் அதற்கு மரியாதை. காசிமேட்டில் இறங்கினால் கூறு கட்டி விற்பார்கள்.

மெயின் டிஷ், ப்ரன்ஸீனோ. ஐரோப்பிய ஸீபாஸ். முழு மீனை உப்புக்குள் புதைத்துச் சுட்டு, மேஜைக்குப் பக்கத்தில் தட்டி உடைத்துப் பரிமாறினார்கள். பக்கத்து மேஜையில் செல்போனில் படம் பிடித்தார்கள். காட்சி பிரமாதம். மீன் சுமார். நல்ல மீன் வெந்தால் இதழ் இதழாகப் பிரியும். இது மாவாகக் குழைந்தது. “பிடிச்சு எத்தனை நாளாச்சு?” என்று கேட்டதற்கு, “இம்போர்ட்டட் சார்” என்றார் இன்னொருவர். நான் கேட்டது வயசு. அவர் காட்டியது பாஸ்போர்ட். (இந்த மீன் பெரும்பாலும் கிரீஸ், துருக்கிப் பண்ணைகளில் வளர்வது என்பது உபதகவல்.)

உடனே என்னைச் சுதேசிப் பிரசாரகன் என்று நினைத்துவிடாதீர்கள். இத்தாலிக்காரர்களும் வெளியூர் மீன் சாப்பிடுகிறவர்கள்தான். 1432 வாக்கில் பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வியாபாரி கப்பல் உடைந்து நார்வேயின் ஒரு தீவில் ஒதுங்கினார். ஊர் திரும்பும்போது அங்கே காய்ந்த காட் கருவாட்டைக் கொண்டுவந்தார். வெனிஸ் இன்றைக்கும் அதை ரசித்துச் சாப்பிடுகிறது. உறையவைத்த மீனும் பாவமில்லை. பச்சையாகப் பரிமாறும் மீனைப் புழுவுக்குப் பயந்து முன்கூட்டியே உறையவைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய யூனியனின் விதி.

ஆனால் சொல்லிவிட வேண்டும். இத்தாலியில் உறையவைத்த மீன் என்றால் மெனுவில் அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு அறிவிப்பார்கள். சொல்லாமல் விற்றால் மோசடி முயற்சி என்று கோர்ட்டுக்கு இழுப்பார்கள். நம் ஹோட்டல்களில் நட்சத்திரமெல்லாம் வாசலில்தான். மெனுவில் இல்லை.

இன்னொன்று. இத்தாலியக் கடலோரச் சமையலின் சூட்சுமமே ‘இன்றைக்கு வலையில் என்ன விழுந்ததோ அது’ என்பதுதான். நேப்பிள்ஸ் பக்கம் ‘அக்வா பாட்ஸா’ என்று ஒன்று செய்வார்கள். பைத்தியத் தண்ணீர் என்று அர்த்தம். தக்காளி, பூண்டு, எண்ணெய், தண்ணீர், அன்றைய மீன். மீனவர் வீட்டுச் சமையல். மசாலாவை எடுத்துவிட்டால் நம் மீன்குழம்புக்குத் தூரத்துச் சொந்தம். இதைச் செய்ய நேப்பிள்ஸிலிருந்து மீன் வரவழைத்தால், சமையல் குறிப்பு வந்து சேரும், சமையல் வந்து சேராது.

கொடுவாவை ஆங்கிலத்தில் ஏசியன் ஸீபாஸ் என்பார்கள். ப்ரன்ஸீனோவுக்கு உடன்பிறப்பு இல்லை. ஆனாலும் வெள்ளைச் சதை, அடக்கமான ருசி, முழுசாகச் சுடுவதற்குத் தோதான மீன். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் தலைமையகம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-லேயே கொடுவாவைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டது. வருஷத்தில் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அப்போது வெளியூர் மீன் போடுங்கள், அல்லது மெனுவை மாற்றுங்கள். மற்ற 300 நாள் என்ன தடை?

எனக்குத் தோன்றும் பதில் ஒன்றுதான். நம் மீனுக்கு இந்த விலை கேட்க அவர்களுக்குக் கூச்சம். கொடுக்க நமக்கும் கூச்சம். வஞ்சிரம் 4,000 ரூபாய் என்றால் சண்டைக்குப் போவோம். ப்ரன்ஸீனோ என்றால் வாயைப் பொத்திக்கொண்டு கார்டை நீட்டுவோம்.

இத்தனைக்கும் இந்தச் சம்பந்தம் பழசு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அரிக்கமேட்டில் கிடைத்த ஜாடித் துண்டுகளில், ஒயின், ஆலிவ் எண்ணெய் ஜாடிகளோடு, ரோமானியர்கள் ‘காரும்’ என்று அழைத்த ஊறல் மீன் சாறு வந்த ஜாடிகளும் இருந்ததாக ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதன் பேரப்பிள்ளை போல ஒரு சாற்றை, அமால்ஃபி கடற்கரையில் சேத்தாரா என்ற ஊரில் இன்றும் வடிக்கிறார்கள். எதிலிருந்து? உப்பில் ஊறிய நெத்திலி வகையிலிருந்து. அவர்கள் அதன்மேல் ஊர் பெயரைப் பெரிசாகப் போட்டு விற்கிறார்கள். கூச்சமே படுவதில்லை.

பில் வந்தது. மூன்று பேருக்கு, 18 சதவிகித ஜி.எஸ்.டி.யோடு, 17,000 ரூபாய்க்கு மேல். சர்வீஸ் சார்ஜும் சேர்த்திருந்தார்கள். அது கட்டாயமில்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. எடுக்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் எடுத்தார்கள். மட்டிக்கு ஊர் சொன்ன பையன் கையில் தனியாகக் கொடுத்தேன்.

நீங்கள் இப்படி ஓர் இடத்துக்குப் போக நேர்ந்தால், கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. என்ன மீன், எந்த ஊர், என்றைக்குப் பிடித்தது. வெட்கப்படாதீர்கள். மார்க்கெட்டில் 200 ரூபாய் மீனைச் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டோம். ஏ.ஸி. ரூமில் 4,000 ரூபாய் மீனிடம் ஏன் இவ்வளவு மரியாதை? பதில் தெரியாத இடத்தில் மட்டி ஸ்பகெட்டி சாப்பிட்டுவிட்டு, சீஸ் துருவியைக் கண்டால் தட்டைக் கையால் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கிளம்பும்போது கருத்து எழுதச் சொல்லி ஒரு கார்டு கொடுத்தார்கள். ‘மட்டி அபாரம். பழவேற்காடு என்று மெனுவில் ஊர் பெயர் போடவும்’ என்று எழுதினேன். மானேஜர் வாங்கிப் படித்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“நல்ல ஐடியா சார். ‘புலிகாட் க்ளாம்ஸ்’னு போட்டுடலாம். கேக்க ஃபாரின் மாதிரியே இருக்கு” என்றார்.

அப்படியாவது போடட்டும் என்று வந்துவிட்டேன்.