மயிலில்லாத மயிற்கண்

காஞ்சிப் பட்டின் பூவேலை குறித்து எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரே கருத்துடன் தொடங்குகின்றனர். கோயிற் சிற்பங்களே சேலையில் வந்து இறங்கின என்பது அவர்தம் துணிபு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. யாளியும் அன்னமும் இருதலைப்பட்சியும் கல்லிலும் உள்ளன, கரையிலும் உள்ளன. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எடுப்பித்த காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் சிம்மத் தூண்களை நோக்கியவர் எவரும் இவ்வுறவை மறுக்கமாட்டார். ஆயினும் தாழம்பூ ரேக்கு எந்தத் தூணிலிருந்து வந்தது? மல்லிமொக்கு எந்தக் கோபுரத்தில் மலர்ந்தது? குயிற்கண்ணுக்குச் சிற்பி யார்? வேலியோரத்துத் தாழையும் முற்றத்து மல்லிகையும் தோப்பில் கூவும் பறவையும் நெசவாளன் நாள்தோறும் கண்டவை. அவற்றை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கல்லிடம் ஒப்படைப்பது அவனுடைய கண்ணை மறுப்பதாகும்.

பட்டாடை ஆடவர்க்கு விலக்கப்பட்டது. நம் பெண்டிர்க்கு ஆகும். எனவே இப்பொருளில் நாம் கண்ணால் மட்டுமே உரிமை கொண்டாடக்கூடியவர்கள். உத்திரமேரூரில் இருந்துகொண்டு, நம் வீட்டுத் திருமணங்களுக்காகக் காஞ்சிக் கடைகளின் பாயில் அமர்ந்து சேலை விரிப்பதைப் பார்த்த பழக்கமே நமக்குள்ள தகுதி.

நெசவில் வளைகோடு என்பது கிடையாது. பாவும் ஊடையும் நேராகவே ஓடுகின்றன. மயிலின் கழுத்தை நெய்ய வேண்டுமாயின், அதனைக் கட்டத்தாளில் படிப்படியாக ஏற்றி இறக்கியே வரைய வேண்டும். பெரிய முந்தானையில் இதற்கு இடமுண்டு. இரண்டு விரல் அகலக் கரையிலோ உடலெங்கும் தெளித்த சிறு புட்டாவிலோ இடம் ஏது? அவ்விடத்தில் காஞ்சி நெசவாளன் செய்த காரியம் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. அவன் மயிலை விட்டுவிட்டான். அதன் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டான். ஒரு சிறு வடிவம், அதனுள் ஒரு புள்ளி. அதற்கு மயிற்கண் என்று பெயர். குயிற்கண்ணும் அத்தகையதே. குயிலின் குரலைக் கேட்டுப் பாடியவர் பலர். அதன் கண் செந்நிறம் என்பதைக் கிளைகளுக்கிடையே உற்று நோக்கியவர் சிலரே. கண்ணால் பெயரிட்ட நெசவாளன் அச்சிலரைச் சேர்ந்தவன் என்றே கருதுகிறோம்.

ஈண்டு மத்ரஸாவில் ஓதியவர்க்கு ஒரு செய்தி நினைவுக்கு வராமற் போகாது. உருவம் வரைந்து பிழைக்கும் ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், வரைந்தே ஆக வேண்டுமாயின் மரத்தையும் உயிரற்றதையும் வரைவீராக என்று வழிகாட்டியதாக ஹதீஸ் நூல்கள் கூறும். உருவத்தின் தலையை நீக்கிவிட்டால் அது மரத்தின் கோலத்தை அடையும் என்ற கருத்தும் அவற்றிலே உண்டு. அரபுக் கைவினையில் இலைக்கொடி வேலை தழைத்தது. அதற்கு ‘தவ்ரீக்’ என்பர்; ‘வரக்’ என்னும் இலைச்சொல்லின் வழிவந்தது அது. தமிழ்க் கல்தச்சனும் இதை நன்கறிந்திருந்தான். கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் தூண்களில் யாளி இல்லை. ஆனால் கோயில் மண்டபத்தில் காணும் அதே பூமுனைப் போதிகை உண்டு. விலங்கை விட்டுச் செடியை எடுத்துக்கொண்டான்; தன் கைம்மரபை விட்டானில்லை. சீறாப்புராணத்து நாட்டுப்படலத்தில் அரபு நாட்டைத் தமிழ் வயல்வளத்தோடு பாடிய உமறுப்புலவரின் உள்ளமும் இதற்கு உறவுடையதே.

காஞ்சி நெசவாளனுக்கு இச்சட்டம் எதுவுமில்லை. வனசிங்காரம் என்னும் வேலையில் அவன் சிங்கமும் மானும் யானையும் கொடிகளுக்கிடையே நடமாட விடுகிறான். ஆயினும் சிறு புட்டாவில் அவன் தறியின் கட்டளைக்குப் பணிந்து, உடலை நீக்கிப் புள்ளியை வைத்தான். சமய விதியால் ஒருவனும் நூலின் விதியால் மற்றொருவனும் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தனர். நம்மவரில் சிலர் ‘மயிற்கண்’ என்ற பெயரைக் கேட்டதும் அச்சேலையைத் தள்ளிவைக்கின்றனர். அவர்கள் பெயரைப் பார்க்கின்றனர், துணியைப் பார்க்கவில்லை என்பதே நம் கருத்து.

கருவி உருவத்தை ஆளுவது காஞ்சிக்கு மட்டும் உரியதன்று. ருமேனிய நாட்டின் ஹொரெசு என்னும் ஊரில் மட்பாண்டத் தட்டுகளின் நடுவே சேவல் ஒன்று நிமிர்ந்து நிற்கும். 2012இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்த கைத்தொழில் அது. துளையிட்ட மாட்டுக் கொம்பிலிருந்து வண்ணத்தை ஒழுகவிட்டு, ஈரம் காயுமுன் கம்பி முனைகொண்ட குச்சியால் இழுக்கின்றனர். இழுத்த இடமெல்லாம் வண்ணம் இறகுபோல் பிரிகிறது. அங்கே ஈரக் களிமண் பறவைக்கு வாலை அளித்தது; இங்கே தறி பறவையிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கண்ணை மட்டும் விட்டுவைத்தது.

இன்றைய நிலைக்கு வருவோம். முற்காலத்தில் ‘அடை’ முறையில் ஒருவர் நூற்பிடிகளை இழுத்துத் தர மற்றவர் நெய்தார். பின்னர் 1804இல் பிரான்சில் பிறந்த ஜக்கார்டு இயந்திரத்தின் துளையிட்ட அட்டைகள் அவ்வேலையை ஏற்றன. இப்போது கணினியே நூலைத் தூக்குகிறது. தறிக்கு அடங்காத உருவம் இனி ஏதுமில்லை. முந்தானையில் மனித முகங்கள் நிழலும் ஒளியுமாக வந்துவிட்டன. உழைப்பை மதிக்கிறோம், ஆயினும் ஓவியத்தைப் போலிசெய்யும் நெசவை நல்ல நெசவென்று நம்மால் ஒப்பமுடியவில்லை. கழுத்தருகே மடிந்து, இடையில் சுருங்கி, நடக்கையில் அசையும் துணியில் முகத்தை வைப்பது முகத்துக்கும் நன்றன்று, துணிக்கும் நன்றன்று. மயிற்கண் எம்மடிப்பிலும் மயிற்கண்ணாகவே இருக்கும்.

இதனினும் பெரிய இழப்பு பெயர்களில் நேர்கிறது. அட்டையும் கணினிக் கோப்பும் எண்ணால் அறியப்படுகின்றன. எண் வந்த இடத்தில் மல்லிமொக்குக்கும் தாழம்பூ ரேக்குக்கும் வேலையில்லை. 2005ஆம் ஆண்டளவில் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. நகரின் பெயருக்கு அதனால் காவல் கிடைத்தது; சேலையில் பூத்த பெயர்களுக்குக் காவல் கிடைக்கவில்லை. தமிழ் கற்பிப்போர் நெசவாளர் இல்லங்களுக்குச் சென்று இச்சொற்களைத் திரட்டுவது, இலக்கண நூலுக்கு இன்னோர் உரை எழுதுவதினும் அவசரமான பணி.

மாங்காயைப் பாருங்கள். பாரசீகர் அவ்வடிவத்தைச் செடியென்றனர். வடபுலத்தார் சிலர் வாதாம்பருப்பு என்றனர். நாம் மாங்காய் என்றோம். காஷ்மீரச் சால்வையைப் பார்த்துப் போலி நெய்த ஸ்காட்லாந்து நகர் பெய்ஸ்லி. அந்நகரின் பெயரே ஆங்கிலத்தில் இவ்வடிவத்துக்கு நிலைத்துவிட்டது. அண்மையில் நம் உறவினர் வீட்டு நிக்காஹுக்குச் சேலை எடுக்கச் சென்றபோது, மணப்பெண்ணின் நன்னி “மாங்காய்க் கரை வச்சதைக் காட்டுப்பா” என்றார். விற்பனை செய்த இளைஞர் விழித்தார். நன்னி விரலால் பாயின்மேல் அவ்வடிவத்தை வரைந்து காட்டினார். “ஓ, பெய்ஸ்லியா பாட்டி?” என்று கேட்டு அவர் அடுக்கிலிருந்து எடுத்து வந்தார்.