'பிகில்': கணக்கில் வராத சோறு

2019 தீபாவளிக்கு வந்த அட்லியின் 'பிகில்' படத்தை இன்றைக்கும் டிவியில் போட்டால் தியாகதுருகம் பக்கத்துச் சேரிப் பிள்ளைகள் விடாமல் பார்க்கிறார்கள். பெண்கள் பந்து உதைப்பதைத் தமிழ்த் திரை இவ்வளவு பெரிதாகக் காட்டியதில்லை, அதை ஒப்புக்கொள்வோம். ஆனால் இந்தப் பெண்களுக்குச் சோறு போட்டது யார், பூட்ஸ் வாங்கித் தந்தது யார்? அந்தக் கேள்வி படத்துக்கு முக்கியமாகப் படவில்லை.

பெண்களுக்குக் குறை தைரியம்தான் என்கிறது படம். வழிமறிப்பவர்கள் புகுந்த வீட்டாரும் ஆசிட் வீசுபவனும். ஒரு மைக்கேல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். இறுதி ஆட்டத்தில் பாண்டியம்மாவை 'குண்டம்மா' என்று கேவலப்படுத்தி ரோஷம் ஏற்றுகிறான் நாயகன், தியேட்டர் கைதட்டுது. பெண்ணின் உடம்பை இப்படி எடைபோடுகிற கேமராவுக்கு அந்த உடம்புக்குள் என்ன போகிறது என்பதில் அக்கறை இல்லை.

சேரியிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் வரும் பிள்ளைக்கு அகாடமி என்பது பெரும்பாலும் அரசு விடுதிதான். பள்ளி விடுதி மாணவருக்கான உணவுப்படியை 2023இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆக்கினார்கள். நாளைக்கு 47 ரூபாய்கூட முழுசாய் வராது. மூணு வேளையும் அதுக்குள்ளதான். அதைத் தின்னுட்டு தொண்ணூறு நிமிஷம் ஓடணும்.

நமக்குக் கிழக்கே கடலூரைப் பாருங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அரசு நடத்திய குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளுக்கு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பந்து பழக்கினார். 2018இல் கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி இந்திய மகளிர் லீக்கில் ஆடியது. அதே ஆண்டு கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு முதல்முறையாகத் தேசியப் பட்டம் வாங்கியது. 'பிகில்' அப்போது வரவே இல்லை! இந்தியாவுக்கு ஆடிய கடலூர்க்காரர் இந்துமதி கதிரேசன் காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தார்.

ஆண்கள் ஆட்டத்தில் ஒரு பையன் தொழில்முறை ஒப்பந்தம் போட்டு வேறு நாட்டுக் கிளப்புக்குப் போனால், அவனை வளர்த்த சின்னக் கிளப்புக்குப் பயிற்சி ஈட்டுத்தொகை உண்டு. பெண்கள் கால்பந்துக்கு அது பொருந்தாது என்று ஃபிஃபா விதியிலேயே எழுதிவைத்தார்கள். வளர்கிற ஆட்டம், கிளப்புகளுக்குச் சுமை கூடாதாம். அப்படியானால் சுமை யார் தலையில்? 2023இல் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, லீக் கிளப் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் தரவேண்டும் என்றது. நல்லது. ஆனால் பத்து வயசிலிருந்து அவளுக்கு முட்டை வாங்கிக் கொடுத்தவருக்கு அதில் சல்லிக்காசு இல்லை.

நாகராஜ் மஞ்சுளேவின் 'ஜுண்ட்' (2022) படத்திலும் அமிதாப் பச்சன் என்ற மீட்பர் இருக்கிறார், மறைப்பதற்கில்லை. ஆனாலும் அதில் ரிங்கு ராஜ்குரு நடித்த பெண்ணின் பாஸ்போர்ட்டுக்காக அவள் தகப்பன் அடையாளத் தாள் தேடி அலைகிறான். சாதிச் சான்றிதழுக்காக மலை இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு நடையாய் நடந்த மலையாளிப் பழங்குடிகளுக்கு அந்தத் தகப்பனை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.