பறவையும் அது நிற்கும் நீரும்

இயற்கையைப் புகைப்படத்தில் காண விழைவோர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணனை (1912-1996) மறத்தல் ஆகாது. பாகங்களைத் தாமே இணைத்து அமைத்துக்கொண்ட காமிராவால், காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தவர் அவர். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் மறையும் வரை எழுதிய பத்தியிலோ, ஊர்க் காகத்திற்கும் அணிலுக்கும் அதே மதிப்பளித்தார். அருகிலிருப்பது அற்பமன்று என்பதே அவர் விட்டுச்சென்ற பாடம்.

அருள்புரத்தாராகிய நமக்கு எட்டும் தொலைவில் இருப்பது திருப்பூர் நஞ்சராயன் குளம். 2022-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் ராம்சார் ஈரநிலமாகவும் அது அறிவிக்கப்பட்டது. அங்கு எடுக்கப்படும் வண்ணப்படங்கள் அழகானவையே. ஆயினும் பலவற்றில் ஒரு குறை காண்கிறோம். இறகு ஒவ்வொன்றும் துலங்க, பறவை நிற்கும் நீர் மங்கிவிடுகிறது; எந்த ஊர்க் குளம் என்பதும் தெரிவதில்லை. சாயக்கழிவால் நொய்யல் கெட்டதையும், 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் கண்ட நமக்கு, அந்த நீரன்றோ செய்தி! பறவையை மட்டும் பிரித்தெடுத்த படம் நம்மை மகிழ்விக்கிறது. கரையையும் நகரையும் உடன் காட்டும் படமோ நம்மிடம் கணக்குக் கேட்கிறது. நம் இளைஞர் இரண்டாவதை எடுக்கப் பழகுவார்களாக.