சம்மதம் யாருடையது?

இலக்கியத்தை அதன் அழகு கொண்டே அளத்தல் வேண்டும், எழுதியவனது வாழ்வு கொண்டு அளத்தல் தகாது என்னும் வாதம் புதியதன்று. ஆயின், ஒருவன் தான் இழைத்த கொடுமையையே இலக்கியமாக்கி, அவ்விலக்கியத்தையே தனக்குக் கேடயமாகவும் ஏந்தி நிற்கும்போது அவ்வாதம் என்னவாகும்? பிறெஞ்சு எழுத்தாளர் வனெசா ஸ்பிறிங்கோரா 2020ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட ‘சம்மதம்’ என்னும் தன்வரலாற்று நூல் எம்முன் வைக்கும் வினா இதுவேயாகும். 2021இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாக அந்நூல் எம்மையும் எட்டியுள்ளது.

கதை சுருக்கமானது. தந்தை விட்டகன்ற வீடு. பதிப்பகமொன்றிற் பணிபுரியும் தாய். நூல்களே உலகமாக வாழும் சிறுமி. 1980களின் நடுப்பகுதியில், பதின்மூன்று வயதில், தாயுடன் சென்ற விருந்தொன்றில் அவள் கபிரியேல் மாட்ஸ்னெவ் என்னும் எழுத்தாளரைச் சந்திக்கிறாள். அவருக்கு வயது ஏறக்குறைய ஐம்பது. கடிதங்கள் வருகின்றன. பின்னர் அவர் பள்ளி விடும் நேரம் பார்த்துக் காத்திருக்கிறார். பதினான்கு வயதில் அவள் அவர் வசமாகிவிடுகிறாள். அவர் மறைந்து திரிந்த மனிதரல்லர். பதினாறு வயதுக்குட்பட்டோர் மீது தமக்குள்ள நாட்டத்தை 1974இலேயே நூலாக எழுதிப் புகழும் பெற்றவர்.

தான் அவரைக் காதலித்ததாகவே அன்று நம்பியதை ஸ்பிறிங்கோரா மறைக்கவில்லை. இதுவே நூலின் பெருவலிமை எனலாம். பலவந்தத்தை மட்டுமே குற்றமாகக் காணப் பழகிய எமக்கு இந்நேர்மை சங்கடம் தருவது. ‘ஆம்’ என்று கூறிய ஒருத்தி, தான் வஞ்சிக்கப்பட்டதை எவ்வாறு உணர்வாள், பிறர்க்கு எவ்வாறு உணர்த்துவாள்? நூலின் ஆறு பாகங்களும் இதற்கு விடை தேடுகின்றன. தந்தையின் அன்புக்கு ஏங்கிய மனம், எழுத்தாளன் என்னும் பெயரில் இருந்த மயக்கம், தோழிகளிடமிருந்து மெல்ல மெல்லப் பிரிக்கப்பட்டமை ஆகிய இவையாவும் சேர்ந்தே அந்த ‘ஆம்’ உருவாகியது. அது அவள் வாயில் பிறந்த சொல். ஆனால் அதனை விளைவித்தவர் அவரே. ஆதலின் பொறுப்பும் அவருடையதே.

அவருடையது மட்டுமா? தாய் அறிந்திருந்தார், முதலில் எதிர்த்துப் பின் இணங்கினார். பெயரிடாக் கடிதங்கள் பொலிசாருக்குச் சென்றும் பயன் விளையவில்லை. துயர் தாங்காது சிறுமி தேடிச் சென்ற தத்துவஞானி சியோரான், கலைஞனுக்குத் துணைநிற்பதே அவள் கடன் என்ற பாங்கில் உபதேசம் செய்தார். 1990இல் தொலைக்காட்சி அரங்கொன்றில், கியூபெக் எழுத்தாளர் டெனிஸ் பொம்பார்டியே மாட்ஸ்னெவை நேருக்கு நேர் கண்டித்தபோது, இலக்கிய உலகம் ஏளனம் செய்தது அவரைத்தான். 2013இல் மாட்ஸ்னெவுக்கு ‘றெனோதோ’ கட்டுரைப் பரிசும் கிடைத்தது.

முற்போக்காளராகிய நாம் தலைகுனிய வேண்டிய இடமும் உண்டு. 1977 ஜனவரி 26ஆம் திகதி ‘லெ மொந்த்’ நாளேட்டில் ஓர் அறிக்கை வெளிவந்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு பாலுறவு கொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு விளக்கமறியலில் இருந்த மூவருக்காகப் பரிந்து பேசியது அது. சார்த்தர், சிமோன் தி போவுவா, ரோலான் பார்த், பொதுவுடைமைக் கவிஞர் அரகோன் ஆகியோர் அதில் ஒப்பமிட்டனர். அதனை வரைந்தவர் தாமே என மாட்ஸ்னெவ் பின்னாளில் ஒப்புக்கொண்டார். பழைமையின் கட்டுகளை உடைப்பதாக எண்ணியவர்கள், வலியவன் மெலியவனை நுகரும் உரிமைக்கே கையொப்பமிட்டனர். இரு தரப்பாரின் வலிமையையும் நிறுத்துப் பாராது பேசப்படும் சுதந்திரம், வலியவனின் சுதந்திரமாகவே முடியும். வர்க்க ஆய்வில் நாம் நன்கறிந்த இவ்வுண்மையை அவர்கள் குழந்தையின் விடயத்தில் மறந்தனர்.

நூலுக்கு ஓர் எல்லையும் உண்டு. அது பாரிஸ் நகர எழுத்துலகத்தின் உள்ளேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மணிலா நகரின் வறிய சிறுவர்களைப் பணம் கொடுத்து நுகர்ந்ததையும் மாட்ஸ்னெவின் நாட்குறிப்புகள் கூறுகின்றன. ஸ்பிறிங்கோரா இதனைச் சுட்டுகிறார். ஆயினும் அச்சிறுவர்களுக்குப் பேனாவும் இல்லை, பதிப்பகமும் இல்லை. உல்லாசப் பயணத்தின் பெயரால் இத்தகையோர் வந்து சென்ற கரையோரம் எமது நாட்டிலும் உண்டு. அங்குள்ள பிள்ளைகளின் நூல் இன்னும் எழுதப்படவில்லை.

‘சம்மதம்’ வெளிவந்த சில நாட்களுள் கலிமார் பதிப்பகம் மாட்ஸ்னெவின் நாட்குறிப்புகளை விற்பனையினின்றும் நீக்கியது. 2021 ஏப்பிரலில், ஐந்து வயதேனும் மூத்த ஒரு வளர்ந்தவர் முன் பதினைந்து வயதுக்குட்பட்டவரின் சம்மதம் செல்லாது என்னும் சட்டம் பிறந்தது. ஒரு நூல் இத்துணை செய்தது பெருமையே. எனினும், 1986இலும் அச்செயல் சட்டப்படி குற்றமே என்பதை மறத்தலாகாது. இல்லாதிருந்தது சட்டமன்று, தடுத்து நிறுத்தும் ஒரு மனிதர்.

ஆசிரியர்கள் இந்நூலைப் படிக்க வேண்டும் என்பதும் இதனாலேயே. நன்றாகப் படித்துவந்த பிள்ளை வகுப்புக்கு வராதொழிவதும், பள்ளிக்கு அப்பால் ஒருவர் நாள்தோறும் காத்து நிற்பதும், வயதுக்குப் பொருந்தாத பரிசுகளும் இரகசியங்களும் எமது கண்முன்னேயே நிகழ்கின்றன. அவள் விரும்பித்தானே போனாள் என்று கூறி நகர்வது எளிது. அந்த எளிமையே சியோரானின் உபதேசம். பிள்ளையைக் குற்றவாளியாக்காது அருகிருத்திக் கேட்பதும், வளர்ந்தவரிடம் அஞ்சாது கணக்குக் கேட்பதும் எமது கடமையாகும்.