டிஸ்ப்ரபோர்ஷனேட் என்றால் வெறும் 'அதிகம்' இல்லீங்க

1988ஆம் வருட ஊழல் தடுப்புச் சட்டத்தில் டிஸ்ப்ரபோர்ஷனேட் என்று ஒரு சொல் வருகிறது. அரசு ஊழியரின் சொத்து, அவருடைய தெரிந்த வருமானத்துக்கு டிஸ்ப்ரபோர்ஷனேட்டாக இருந்து, அவரால் திருப்தியான கணக்கும் காட்ட முடியாவிட்டால் அது குற்றம். நம்ம பத்திரிகைகள் இதை 'வருமானத்துக்கு அதிகமாகச் சொத்து சேர்த்த வழக்கு' என்கின்றன. சுருக்கமாக, 'சொத்துக் குவிப்பு வழக்கு'. இரண்டுமே எனக்கு உறுத்துகிறது.

'அதிகம்' கழித்தல் கணக்கு. ப்ரபோர்ஷன் வகுத்தல் கணக்கு. பத்து லட்சம் கூடுதல் என்றால், ஒரு கோடி சம்பாதித்தவருக்கு அது 10 சதவீதம். பத்து லட்சம் சம்பாதித்தவருக்கு 100 சதவீதம். 'குவிப்பு' இன்னும் மோசம். அதில் வருமானமே காணாமல் போய்விடுகிறது.

நீதிமன்றங்கள் வகுத்துத்தான் பார்க்கின்றன. சொத்தையும் செலவையும் கூட்டி, வருமானத்தைக் கழித்து, மிச்சம் வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி வழக்கில் (1977) மொத்த வருமானம் சுமார் 1.27 லட்சம். கூடுதல் அதில் 10 சதவீதத்துக்கும் கீழே என்பதால், அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் மறுத்தது.

இந்த 10 சதவீதம்தான் 2015 மே மாதம் ஜெயலலிதா வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குக் கை கொடுத்தது. வருமானம் 34.76 கோடி, கூடுதல் 2.82 கோடி, அதாவது 8.12 சதவீதம். எல்லோரும் விடுதலை. உக்கடத்தில் டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிப்பவர், "ரெண்டே முக்கால் கோடி அதிகம்னு அவங்களே சொல்றாங்க, அப்புறம் எப்படிங்க விடுதலை?" என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. பேப்பர் அவருக்குக் கொடுத்த சொல் 'அதிகம்'.

அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. தீர்ப்பில் இருந்த கடன் பட்டியலைக் கூட்டினால் 10.67 கோடிதான் வருகிறது. தீர்ப்பு எடுத்துக்கொண்டதோ 24.17 கோடி. அந்த 13.5 கோடி வருமானப் பக்கம் ஏறிவிட்டது. அதைச் சரிசெய்தால் 8.12 சதவீதம் 76ஐத் தாண்டுகிறது. வகுத்தல் புரிந்தவருக்குத்தான் இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று தெரியும். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்தது. ஜெயலலிதா அதற்குள் காலமாகிவிட்டார்; மற்ற மூவரும் சிறைக்குப் போனார்கள்.

'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்று சொல்லும் ஊரில் இதற்குச் சொல் பஞ்சமா? 'வருமானத்துக்குப் பொருந்தாத சொத்து' என்று எழுதலாம். தலைப்பில் இடமில்லை என்பார்கள். எண்ணிப் பாருங்க, 'வருமானத்துக்கு அதிகமாகச் சொத்து சேர்த்த' என்பதைவிட இது சின்னது.